காரில் கொட்டிய பாலும் போகாத புளித்த வீச்சமும்

எங்கள் காரின் பின்னிருக்கைக் காலடியில் பால் பாக்கெட் ஒன்று கிழிந்து, அதிலிருந்த பால் முழுவதும் கார்ப்பெட்டில் இறங்கியது. உடனே வண்டியை நிறுத்தித் துணியால் ஒற்றியெடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் சோப்பு நீரால் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து உலர்த்தினோம். கைவைத்துப் பார்த்தால் ஈரம் தெரியவில்லை என்ற பிறகுதான் காரை மூடினோம். இருந்தும், வெயிலில் நின்ற காரின் கதவைத் திறக்கும்போதெல்லாம் வாந்தியை நினைவூட்டும் புளித்த வீச்சம் குப்பென்று அடித்தது. அதிகாலையில் அப்படியொன்று இருப்பதன் சுவடே தெரியாது. நண்பகலில் உள்ளே உட்கார முடியாது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எது கைகொடுத்தது, எது கைகொடுக்கவில்லை, ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பால் கெடும்போது பாக்டீரியாக்கள் முதலில் அதிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் புரதம் திரிந்து கட்டியாகிறது. பிறகு கொழுப்பு சிதைந்து பியூட்ரிக் அமிலம் வெளிப்படுகிறது. வாந்தியின் வீச்சத்திலும் இந்த அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். சூடு ஏற ஏற அது ஆவியாகும் வேகமும் கூடும் என்பதால்தான், வெயிலில் மூடி நிறுத்திய காரில் நாற்றம் பன்மடங்காகத் தெரிகிறது. கார்ப்பெட்டுக்கும் அடித்தகட்டுக்கும் இடையில், சத்தத்தையும் சூட்டையும் தடுப்பதற்காகத் தடித்த மெத்தை ஒன்று இருக்கும். சில கார்களில் அது ஃபோம், சிலவற்றில் அழுத்திய பஞ்சு. மேலே கொட்டியது அதில்தான் போய்த் தேங்குகிறது. அதனால் மேற்பரப்பை எத்தனை முறை தேய்த்தாலும், எந்த வாசனைப் பொருளைத் தொங்கவிட்டாலும், நாற்றத்தின் ஊற்று தொடப்படாமலேயே இருந்துவிடும்.

ஆகவே கார்ப்பெட்டைத் தூக்குவதென்று முடிவு செய்தோம். பால் முன்னிருக்கைக்கு அடியிலும் ஓடியிருந்ததால் அந்த இருக்கையையும் கழற்ற வேண்டியிருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இருக்கைக்கு அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றின் ஒயர்கள் செல்கின்றன. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் அந்த இணைப்புகளைத் தொடுவதற்கு முன்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். எல்லா இணைப்புகளையும் திரும்பப் பொருத்தும்வரை சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, அதை அணைக்கவே மெக்கானிக்கிடம் போக நேரலாம். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் இருக்கையைக் கழற்றுவதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

கதவோரப் பிளாஸ்டிக் பட்டையை நெம்பியெடுத்துக் கார்ப்பெட்டின் ஓரத்தை மடக்கிய கணத்திலேயே இடம் தெரிந்துவிட்டது. மேலே காய்ந்திருந்த கார்ப்பெட்டுக்குக் கீழே அந்த மெத்தை இன்னும் சொதசொதவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் மங்கலான மஞ்சள் நீர் கசிந்தது. தகட்டின் பள்ளத்தில் திரிந்த பால் மெல்லிய ஏடாகப் படிந்திருந்தது. இருக்கை நகரும் தண்டவாளத்தின் இடுக்கில் அதுவே காய்ந்து பொருக்காகியிருந்தது. பால் கொட்டிய இடத்துக்கும் இந்தப் பள்ளத்துக்கும் ஒரு முழத்துக்கு மேல் தொலைவு. திரவம் தாழ்வான இடத்தைத் தேடி ஓடும் என்பதால், கறை தெரியும் இடத்தை மட்டும் சுத்தம் செய்து திருப்தியடைவது வீண்.

முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, ஈரம் இழுக்கும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சியெடுத்தோம். வெளிவரும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தோம். வெந்நீரும் நீராவியும் வேண்டாம். சூடு பட்டால் பால் புரதம் இறுகி நாரோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் கலந்த என்சைம் கிளீனரை, பால் எவ்வளவு ஆழம் போயிருந்ததோ அவ்வளவு ஆழம் போகும்படி ஊற்றினோம். பலர் இதைத் தெளித்துத் துடைத்துவிட்டு, பயனில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நொதி வேலை செய்ய ஈரமும் நேரமும் தேவை; நாங்கள் மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி இரவு முழுவதும் காயாமல் வைத்தோம். மறுநாள் நாற்றம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. இதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை: எஞ்சியிருக்கும் கொழுப்பு உடையும்போது பியூட்ரிக் அமிலம்தான் வெளிவருகிறது. அதை உறிஞ்சியெடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து மெத்தையை நனைத்து, மீண்டும் உறிஞ்சினோம். சமையல் சோடா காரம் என்பதால் அந்த அமிலத்தை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. நீரோடு அதுவும் வெளியேறிவிடும். நாற்றம் உண்மையிலேயே விட்டுப்போனது இந்தக் கட்டத்தில்தான்.

பால் வீச்சத்துக்கு வினிகர் தெளிக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். அமிலத்தால் வந்த நாற்றத்தின் மேல் இன்னோர் அமிலத்தை ஊற்றினால், உப்பாக மாறியிருக்கும் கொஞ்சமும் மறுபடி அமிலமாகி ஆவியாகத் தொடங்கும். ஆனால் மீன் கவுச்சிக்கு அதே வினிகர் நல்ல மருந்து. நண்பர் ஒருவரின் காரில், மீன் வைத்திருந்த பெட்டியிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர் டிக்கியின் அடியில் ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் இறங்கிவிட்டது. மீன் நாற்றத்துக்குக் காரணமான ட்ரைமெத்திலமீன் ஒரு காரம். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாகிவிடும். அவர் குழியைக் கழுவி, சம அளவு நீர் கலந்த வினிகரை ஊற்றிச் சற்று ஊறவிட்டு, அடியிலிருந்த ரப்பர் அடைப்பைத் திறந்து வடித்து, நல்ல நீரால் மறுபடி கழுவினார். வெறும் தகடு என்பதால் கவுச்சி அன்றே போய்விட்டது. வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுவதில் பொருளில்லை. நுரை பொங்கும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். பிளீச்சை மட்டும் எதனோடும் கலக்கவே கூடாது. வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், காருக்குள் அது உயிருக்கே ஆபத்து. சீட் பெல்ட் பட்டையிலும் பிளீச் படக் கூடாது, நாரின் வலு போய்விடும். பெல்ட்டில் பால் பட்டிருந்தால் முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, மென்மையான சோப்பு நீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும்.

நாற்றத்தைப் போக்குவதற்காகக் காருக்குள் ஓசோன் வாயுவைப் பரப்பும் எந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவிலுள்ள ஓசோனால் காற்றிலுள்ள மாசுகளைப் பெரிதாக அகற்ற முடியாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அதற்கு மேற்பட்ட அளவு நுரையீரலைத் தாக்கும், ரப்பரையும் நாளடைவில் வெடிக்கச் செய்யும். மெத்தைக்குள் ஊறிக்கிடப்பதை அது எட்டுவதுமில்லை. ஊற்றை அகற்றிய பிறகு துணியிலும் கூரையிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய வாடைக்கு, விவரம் தெரிந்தவர் ஒருவர், காருக்குள் யாரும் இல்லாமல் செய்தால் அது உதவலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வாடையை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் பைகளை வைத்து, காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் புதிதாக மாற்றியதே போதுமானதாக இருந்தது. பழைய ஃபில்டரை அப்படியே விட்டால், ஏசி போட்டதும் போன வாடை திரும்பி வந்ததுபோல் தோன்றும்.

அவசரப்பட்டுக் கார்ப்பெட்டை மூடிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு என்பது என் எண்ணம். ஈரம் ஓரிரு நாளுக்கு மேல் தங்கினால் பூஞ்சணம் பிடித்து, புளித்த வீச்சத்தின் இடத்தில் மக்கிய வாடை குடியேறிவிடும். கார்ப்பெட்டுக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்து, மின்விசிறியை நேராக அதன் இடைவெளிக்குள் திருப்பிவைத்தோம். மெத்தையின் நடுப்பகுதியை டிஷ்யூ தாளால் அழுத்திப் பார்த்து, தாளில் ஈரம் ஏறாதபோதுதான் மூடினோம். நாற்றம் போய்விட்டதா என்பதை அந்தக் காரில் தினமும் உட்காருபவர் சொல்ல முடியாது; மூக்கு பழகிவிடும். உச்சிவெயிலில் கண்ணாடிகளை ஏற்றிக் காரை நிறுத்திவைத்து, அதில் அதுவரை ஏறாத ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போதும் வாடை வந்தால், குறிப்பாக இறைச்சியிலிருந்து கசிந்த நீர் நெடுநாள் ஊறியிருந்தால், கழுவிக் களைப்பதைவிட அந்த மெத்தைத் துண்டை அறுத்தெடுத்துவிட்டு அதே கனத்தில் புதிய துண்டு வைப்பதே வழி.