16 சாக்கு எடைய வச்சு சராசரி சொல்லலாமா?

கோத்தகிரி பையன்:
பிஎஸ்சி ஃபர்ஸ்ட் இயர், ஸ்டாட்ஸ் பிராஜெக்ட். எங்க டீ தோட்டத்துல பச்சை இலை சாக்கு ஒண்ணு சராசரியா என்ன எடை வருதுன்னு பாக்கணும், சீசன் பூரா வர்ற எல்லாத்தையும் எழுதி வைக்க முடியாதுல்ல, அதனால 16 சாக்கு மட்டும் தராசுல போட்டேன். சராசரி 24 கிலோ, எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், எடை சராசரிலேருந்து எவ்வளவு சிதறுதுங்கற அளவு) 4 கிலோ. நிஜ சராசரி எதுக்குள்ள இருக்கும்னு சொல்ற 95 சதவீத இன்டர்வெலுக்கு 1.96 போட்டு 22.04லேருந்து 25.96ன்னு எழுதிட்டுப் போனா சார் அத அடிச்சு 2.131ன்னு எழுதிட்டாரு, காரணம் சொல்லல. 95 சதவீத சாக்கு இதுக்குள்ள இருக்கும்னு ஒரு வரி எழுதியிருந்தேன், அதுவும் அடி.

குன்னூர் குளிரு:
ரெண்டும் சரியாத்தான் அடிச்சிருக்காரு தம்பி. மொத்த சாக்கோட எஸ்டி முன்னாடியே தெரிஞ்சாத்தான் 1.96. உன் 4 கிலோ அந்த 16 சாக்குலேருந்தே வந்தது, அதுவே கூடக்கொறைய இருக்கும், அதுக்கும் சேத்து கொஞ்சம் அகலமா விடணும், 1.96க்கு பதிலா அந்த பெரிய நம்பரத் தர்றதுதான் டி டேபிள். 16ல ஒண்ணு போக 15, அந்த வரிசைல 2.131 இருக்கும் பாரு. ஸ்டாண்டர்ட் எரர், அதாவது சராசரி எவ்வளவு ஆடும்ங்கற அளவு, 4ஐ ரூட் 16ஆல வகுத்து 1 கிலோ. 24க்கு ரெண்டு பக்கமும் 2.131 விட்டா 21.87லேருந்து 26.13. டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வேல பாத்த கோசெட்னு ஒருத்தரு 1908ல ஸ்டூடண்ட்ங்கற பேர்ல எழுதுன விஷயம் இது. அவருக்கு பார்லி, நமக்கு டீ.

95ங்கறது சாக்கப் பத்தி இல்ல, சராசரியப் பத்தி. 18 கிலோ சாக்கும் வரும், 30ம் வரும். இதே மாதிரி பதினாறு பதினாறா நூறு தடவ எடுத்து நூறு இன்டர்வெல் போட்டா சுமார் 95ல நிஜ சராசரி மாட்டும். உன்னுது அந்த 95ல ஒண்ணா, மிச்ச அஞ்சுல ஒண்ணான்னு யாருக்கும் தெரியாது.

கோத்தகிரி பையன்:
அகலத்த பாதியாக்க 32 சாக்கு போதுமாண்ணா?

குன்னூர் குளிரு:
சாக்கு எண்ணிக்கை ரூட்டுக்குள்ள இருக்குல்ல, ரெண்டு மடங்கு பத்தாது. நாலு மடங்கு, 64.

இலைக்காரர்:
கணக்கெல்லாம் எனக்கு வராது. 16 சாக்கும் என்னைக்குப்பா எடை போட்ட?

கோத்தகிரி பையன்:
போன வாரம், ஒரே நாள் காலைல. செம மிஸ்ட்டு.

இலைக்காரர்:
அதானே. நனைஞ்ச இலைய எடை போட்டிருக்க. அந்த இலைய ஃபேக்டரில குடுத்தா தண்ணிக்குன்னு கிலோவக் கழிப்பாங்க, உன் கணக்கு கழிக்குமா?

குன்னூர் குளிரு:
கழிக்காது. அண்ணன் புடிச்சிட்டாரு. 640 சாக்கு போட்டாலும் அந்த ஒரு நாள் ஈரத்தோட சராசரியத்தான் நுணுக்கமா சொல்லும். வெயில் நாள், மழை நாள் எல்லாம் கலந்து சீட்டு குலுக்கி எடு.

கோத்தகிரி பையன்:
அண்ணா வியாழக்கிழமை சப்மிட் பண்ணணும், இங்க மூணு நாளா வெயிலே இல்ல 😭