காதுக்குப் பின்னால் தழும்பு: உங்கள் அனுபவம் என்ன?

வண்டியூர் வாசகி:
தங்கைக்குத் தாடைக்குக் கீழே உள்ள எச்சில் சுரப்பியில் கல். புளியோதரையை வாயில் வைத்ததுமே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கும், பிறகு வடியும்; பட்டவர்களுக்கு விளக்க வேண்டாம். கல் ஆழத்தில் இருந்ததால் சுரப்பியையே எடுக்க வேண்டியதாயிற்று. வரன் பார்க்கும் நேரம், கழுத்தில் கீறல் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். சென்னையில் ரோபோ முறையில், காது மடலுக்குப் பின்னால் தொடங்கி முடிக்குள் போகும்படி கீறி எடுத்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை மல்லிகைச் சரம் வைத்துவிடப் பின்னலைத் தூக்கினார். கை அப்படியே நின்றுவிட்டது. "இது என்னம்மா, தையலா?" அம்மா, "சின்ன வயதில் விழுந்தது" என்று ஆரம்பிக்க, தங்கை முந்திக்கொண்டு, "ஆபரேஷன், அத்தை. எச்சில் சுரப்பியை எடுத்துவிட்டார்கள்" என்றாள். அவர் பூவைச் செருகிவிட்டு ஹேர்பின் கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன நினைத்திருப்பார்?

திருமங்கலத்தான்:
ரோபோ என்றால் கீறல் சின்னது என்று யாரும் நம்ப வேண்டாம். காதுக்குப் பின்னால் போடுவது கழுத்துக் கீறலைவிட நீளம். மறைவாக இருக்கிறது, அவ்வளவே. அங்கிருந்து தோலுக்கடியில் தாடை வரை வழி திறக்க வேண்டும். ரோபோ தானாக வெட்டுவதும் இல்லை, மருத்துவர்தான் தள்ளி உட்கார்ந்து இயக்குகிறார். எனக்குப் பழைய முறை, தாடைக்கு இரண்டு விரற்கடை கீழே. கீழுதட்டை இழுக்கும் நரம்பு தாடையோரம் ஓடுவதால்தான் அவ்வளவு தள்ளிக் கீறுகிறார்கள். அப்படியும் அது கொஞ்சம் அடிபட்டது. மாட்டுத்தாவணியில் டீ குடிக்கும்போது உதட்டோரம் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கிளாஸை வாங்கி, பாதியைக் கொட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சில மாதங்களில் உதடு சரியாகிவிட்டது. அந்தக் கடைப் பக்கம் மட்டும் போவதில்லை. தழும்பையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

மேலூர் அக்கா:
திருமங்கலத்தாரே, உங்களுக்குச் சட்டைக் காலர் இருக்கிறது, சொல்வீர்கள்! எனக்குக் காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் என்ற எச்சில் சுரப்பியில் கட்டி. எடுத்த பிறகு காது மடல் மரத்துப்போனது. ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறிய பையன், "அக்கா, உங்கள் தோடு சாம்பாரில் கிடக்கிறது" என்றான். விழுந்ததே தெரியவில்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கல் என்றால், உமிழ்நீர்க் குழாய் வழியாகவே மெல்லிய கேமரா விட்டு எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். எல்லாக் கல்லுக்கும் சுரப்பியைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. கட்டி என்றால் ஸ்கேன், ஊசிப் பரிசோதனை முடிந்த பிறகுதான் கீறல் எங்கே என்ற பேச்சு. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் தழும்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பயாப்ஸி அறிக்கையைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். ரோபோ கட்டணத்துக்குக் காப்பீட்டில் உச்சவரம்பு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். வாய் வறண்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரிய சுரப்பிகளே 3 ஜோடி, சின்னவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இன்னொன்று, தலைக்குக் குளிப்பதை மருத்துவரைக் கேட்டு...

வண்டியூர் வாசகி:
அக்கா, சுரப்பியை எடுத்தே முடித்தாயிற்று! அந்த அத்தை என்ன நினைத்திருப்பார் என்றுதான் கேட்டேன். வரன் கூடவில்லை. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பார்த்த பிறகுதான் பெண் பார்க்கவே வந்தார்கள்.