ஆயில் எக்ஸ்ட்ராக்டருக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? உறிஞ்சியா, எக்கியா, வாங்கியா?

வணக்கம் நண்பர்களே,

வீட்லயே காருக்கு ஆயில் மாத்துறத பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன், மத்ததெல்லாம் ஓடிடுச்சு, ஒரு எடத்துல நின்னுட்டேன். வண்டிக்கு அடியில படுத்து டிரெயின் நட்ட கழட்டாம, மேல ஆயில் அளவு பாக்குற கேஜ் கம்பி சொருகுற ஓட்டை வழியா மெல்லிசா ஒரு டியூப விட்டு பழைய ஆயில வெளிய எடுக்குற பம்ப் இருக்குல்ல, ஆயில் எக்ஸ்ட்ராக்டர்னும் ஃப்ளூயிட் எக்ஸ்ட்ராக்டர்னும் டப்பாவுல போட்டுருக்கும், அதுக்கு தமிழ்ல என்ன போடலாம்? இப்போதைக்கு "எண்ணெய் உறிஞ்சி"ன்னு எழுதி வச்சிருக்கேன். தனிமடல்ல ஒருத்தர் "எண்ணெய் ஈர்ப்பி" சொன்னார், இன்னொருத்தர் "பாய்மப் பிரித்தெடுப்பான்" சொன்னார், வேறொருத்தர் "எண்ணெய் எக்கி" போதுமேன்னார். எதுலயும் மனசு நிக்கல. உள்ள விடுற டியூபுக்கும் ஒரு சொல் வேணும். நம்ம கலைச்சொல் குழுவுல கேட்டுட்டு போடலாம்னு இந்த இழைய தொடங்குறேன்.

-----

வணக்கம்,

நல்ல கேள்வி. நான் ஒரு மூணு வருஷமா இந்த பம்புலதான் ஆயில் மாத்துறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. பேரு வைக்கிறதுக்கு முன்னாடி அது என்ன பண்ணுதுன்னு பாத்துடணும், இல்லன்னா இங்கிலீஷ் வார்த்தைய அகராதியில தேடி பக்கத்துல இருக்குற தமிழ எடுத்து ஒட்டுன மாதிரி ஆயிடும்.

கையால அடிக்கிற வகையில ஒரு பிளாஸ்டிக் கலன் இருக்கும், அது மேல சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பிடி. அத இழுத்து இழுத்து அமுக்கும்போது வெளிய வர்றது ஆயில் இல்ல, கலனுக்குள்ள இருக்குற காத்து. உள்ள காத்து கொறைஞ்சுதுன்னா அழுத்தம் இறங்கிடும், அந்தப் பக்கம் இன்ஜின் சேம்பர்ல, அதாவது இன்ஜினுக்கு அடியில ஆயில் தங்குற தொட்டியில, இருக்குற ஆயில் மேல வெளிக்காத்தோட அழுத்தம் எப்பவும் போல இருக்கும், அதுதான் ஆயில டியூப் வழியா தள்ளி கலனுக்கு அனுப்புது. அதாவது நாம இழுக்குறோம்னு நெனைக்கிறோம், உண்மையில காத்து தள்ளுது. கொஞ்ச நேரம் அடிச்சுட்டு கைய எடுத்துட்டா போதும், ஆயில் அதுபாட்டுக்கு வந்துட்டே இருக்கும், டியூப்ல கருப்பா ஒரு கோடு ஊர்ந்து ஏறுறத கண்ணால பாக்கலாம்.

12 வோல்ட் பேட்டரியில மாட்டுற வகை வேற. அதுல ஆயில் பம்போட பல்லுக்குள்ளயே புகுந்து வெளிய போகுது. கம்ப்ரஸர் காத்துல ஓடுற வகையும் இருக்கு. மூணும் வேல செய்ற விதம் வேற வேற, ஆனா செய்ற வேல ஒண்ணுதான். இத மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லா பாப்போம்.

> எண்ணெய் உறிஞ்சி

தப்புன்னு சொல்ல மாட்டேன், கொசு குழல விட்டு ரத்தத்த உறிஞ்சுற மாதிரிதான் இதுவும். ஆனா மண்ணு தண்ணிய உறிஞ்சுது, பஞ்சு உறிஞ்சுது, துணி உறிஞ்சுதுன்னு சொல்றப்போ உறிஞ்சுன பொருள் அதுக்குள்ளயே ஊறி நிக்குது. ஆயில் மாத்துறப்போ தரையில சிந்துனத எடுக்க ஒரு திண்டு மாதிரி விரிப்போமே, "எண்ணெய் உறிஞ்சி"ங்கற பேருக்கு அதுதான் முழு உரிமை உள்ளது. உங்க கட்டுரையில அந்த விரிப்பும் வரும், இந்த பம்பும் வரும், ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா படிக்கிறவங்க எத வாங்குறது?

> எண்ணெய் ஈர்ப்பி

இது கண்டிப்பா வேண்டாம். ஈர்ப்புன்னதும் புவியீர்ப்புதான் ஞாபகம் வரும், அடியில நட்ட கழட்டி ஆயில வடிய விடுற பழைய முறைதான் புவியீர்ப்ப நம்பி நடக்குது. நாம பேசுறது அதுக்கு நேர் எதிரா, கீழ இருக்குறத மேல ஏத்துற முறை.

> பாய்மப் பிரித்தெடுப்பான்

வேதியியல்ல ஒரு கலவையில இருந்து ஒரு பொருள தனியா எடுக்குறதுக்கு இந்த சொல் சரி. இங்க எதையும் எதுல இருந்தும் பிரிக்கல, ஆயில், கரி, அழுக்கு எல்லாம் சேந்துதான் வருது. பாய்மம்ங்கறதுல வாயுவும் அடங்கும். நீளமும் ஜாஸ்தி.

> எண்ணெய் எக்கி

எக்கி எனக்கு ரொம்ப பிடிச்ச சொல். "வயித்த எக்கு"ன்னு சொல்றோம், வயிறு உள்வாங்கி குழியாகுது, பம்புக்குள்ள நடக்குறதும் அதேதான், யாரு இத பம்புக்கு வச்சாங்களோ அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா இங்க ஒரு சிக்கல். எல்லா கார் இன்ஜின்லயும் உள்ளயே ஒரு ஆயில் பம்ப் இருக்கு, சேம்பர்ல இருக்குற ஆயில பேரிங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் அனுப்புறது அதுதான். "எண்ணெய் எக்கி"ன்னா அதத்தான் குறிக்கணும். "எண்ணெய் எக்கியை வெளியே எடுக்கவும்"னு கட்டுரையில ஒரு வரி வந்துச்சுன்னா புதுசா படிக்கிறவர் இன்ஜினயே பிரிக்க உக்காந்துடுவார். தவிர கை பம்ப்ல எக்கி எக்குறது காத்தத்தான்.

இனி என் பரிந்துரை: வாங்கி.

கால்ல தச்ச முள்ள எடுக்குற சின்ன கருவிக்கு தமிழ்ல முள்வாங்கின்னு பேர். காதுல குறும்பி எடுக்குறதுக்கு குறும்பிவாங்கின்னு இருக்கு. ரெண்டும் என்ன பண்ணுது? உள்ள மாட்டிக்கிட்டு இருக்குறத, எதையும் வெட்டாம கிழிக்காம, ஏற்கனவே இருக்குற சின்ன வாசல் வழியாவே வெளிய கொண்டு வருது. கடல் உள்வாங்குச்சுங்கறோம், மூச்சு வாங்குதுங்கறோம். வாங்குறதுன்னா காசு குடுத்து வாங்குறது மட்டும் இல்ல, இழுத்து எடுக்குறதும்தான். மைக்குக்கு ஒலிவாங்கின்னு வச்சு அது நெலச்சும் போச்சு. ஆயில் கேஜ் ஓட்டைங்கற சின்ன வாசல் வழியா, ஒரு நட்ட கூட தொடாம, உள்ள இருக்குறத வெளிய எடுக்குற கருவிக்கு இத விட பொருத்தமா ஒண்ணு எனக்கு தோணல. காத்து தள்ளுதா பல்லு இழுக்குதாங்கற கேள்வியும் வராது, ஏன்னா வாங்கிங்கறது செய்ற வேலைய சொல்லுது, செய்ற விதத்த சொல்லல.

"எண்ணெய் வாங்கி" அல்லது "எண்ணெய்வாங்கி". என்ன சொல்றீங்க?

பி.கு. கட்டுரைக்கு உதவுமேன்னு என் அனுபவத்துல ஒண்ணு. மொத தடவ நான் இன்ஜின சூடு பண்ணாம ஆரம்பிச்சேன். ஆயில் தேன் மாதிரி வந்துச்சு, முக்கால் மணி நேரம் ஆச்சு. சாதாரண 5டபிள்யூ-30ங்கற தர ஆயிலோட கெட்டித்தன்மை 40 டிகிரி செல்சியஸ்ல இருந்து 100 டிகிரிக்கு போறப்போ சுமாரா ஆறுல ஒரு பங்கா கொறஞ்சுடுது, அதனால சும்மா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, கொதிக்கிற சூடு அடங்குனதும் வாங்குனா சீக்கிரம் முடியும், ரொம்ப சூடா இருந்தா கலனும் டியூபும் இளகிடும். டியூப் எவ்வளவு தடிமனா உள்ள போகுமோ அவ்வளவு நல்லது, உள்விட்டம் பாதியானா ஓட்டம் பதினாறுல ஒண்ணாயிடும்.

அதே தடவதான் இன்னொண்ணும் நடந்துச்சு. களக் களக்னு காத்து வாங்குற சத்தம் கேட்டதும் முடிஞ்சுதுன்னு நெனச்சு புது ஆயில் டப்பாவ திறந்துட்டேன். நல்ல வேள, ஊத்துறதுக்கு முன்னாடி கலன்ல இருக்குற அளவுக்கோட்ட பாத்தேன், 2.4 லிட்டர்தான் வந்துருந்துச்சு. வண்டியோட கையேட்டுல ஃபில்டரோட சேத்து 3.7 லிட்டர்னு போட்டுருக்கு. ஃபில்டர்ல ஒரு 300 மில்லி நிக்கும்னு வச்சுக்கிட்டாலும் ஒரு லிட்டர் குறையுது. டியூப் சேம்பர் அடியில முட்டி வளைஞ்சு நுனி மேல பாத்து நின்னுருக்கு, அதான் காத்த வாங்கிருக்கு. கொஞ்சம் வெளிய இழுத்து, திருப்பி, மெதுவா இறக்குனதும் மிச்சமும் வந்துச்சு. அப்படியே 3.7 ஊத்திருந்தேன்னா இன்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க் ஷாஃப்ட் ஆயில அடிச்சு நுரையாக்கிருக்கும், நுரை போய் பேரிங்க காப்பாத்தாது. அதனால "எவ்வளவு வந்துச்சுன்னு அளந்து பாருங்க"ங்கறத கட்டுரையில தடிச்ச எழுத்துல போடுங்க, தயவு பண்ணி.

-----

வணக்கம்,

வாங்கி நல்லாத்தான் இருக்கு, முள்வாங்கி உதாரணமும் நல்லம். ஆனா "எண்ணெய் வாங்கி" எண்டு சொன்னா சனம் கடைக்குப் போய் வாற கதை எண்டுதான் நினைக்கும். "கழிவெண்ணெய் வாங்கி" எண்டா பழைய ஒயில் வாங்குற ஆள் எண்டு ஆகிடும். மசகு எண்டா உராய்வைக் குறைக்கிற எண்ணெய், அதால "மசகுவாங்கி" எண்டு போடலாமோ எண்டு யோசிச்சன், அதுவும் சரிவராது, எங்கட இலங்கைப் பக்கம் செய்தியளில மசகு எண்ணெய் எண்டா நிலத்துக்குள்ள இருந்து எடுக்கிற சுத்திகரிக்காத எண்ணெய்தான்.

இன்னுமொண்டு. இந்தச் சாமானால ஒயில் மட்டுமா எடுக்கிறம்? பிரேக் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில், கியர்பொக்ஸ் ஒயில், ரேடியேற்றர் தண்ணி எல்லாம் எடுக்கலாம். பேரில எண்ணெயைக் கட்டி வைச்சா மற்றதுக்கு என்ன செய்யிறது?

-----

வணக்கம்,

ரெண்டும் சரியான எதிர்வாதம், ரெண்டயும் ஒத்துக்குறேன். சொல்லப்போனா ரெண்டாவதுல மொதலாவதுக்கு விடை இருக்கு. எண்ணெய தூக்கிட்டு பொதுவான பேர போட்டா கடைக்குப் போற அர்த்தமும் போயிடும், ஏன்னா யாரும் "திரவம் வாங்கிட்டு வா"ன்னு சொல்றதில்ல. அதனால "திரவவாங்கி"ன்னு எழுதி அனுப்பலாம்னு உக்காந்தேன். அதுக்கு முன்னாடி வாய் விட்டு நாலஞ்சு தடவ சொல்லி பாத்தேன். "வவா"ங்கற எடத்துல நாக்கு தடுக்குது. எழுத்துல நல்லா இருந்து வாயில தடுக்குற சொல்ல யாரும் பேச மாட்டாங்க, நம்ம குழுவுல எத்தன நல்ல சொல் அப்படி செத்துருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

நீர்மவாங்கி சொல்லி பாருங்க. தடுக்கல. நீர்மம் பாடப்புத்தகத்துல திண்மம், நீர்மம், வாயுன்னு வந்த சொல்தான், புதுசு இல்ல. வாயு இதுல சேராது, அதனால பாய்மத்துக்கு இருந்த சிக்கலும் இல்ல. ஆயிலுக்குன்னு குறிப்பா சொல்லணும்னா "ஆயில் எடுக்குற நீர்மவாங்கி"ன்னு எழுதிட்டு போலாம், கலைச்சொல் பக்கத்துல பேச்சு வார்த்த இருந்தா குத்தம் ஒண்ணும் இல்ல.

இதுல ஒரு கவல எனக்கே இருக்கு, மறைக்க விரும்பல. நீர்மம்னு பொதுவா பேர் வச்சுட்டா பெட்ரோலும் நீர்மந்தானேன்னு யாராவது டேங்குல விட்டு வாங்கிட கூடாது. இந்த பம்ப் அதுக்கு செஞ்சது இல்ல. பெட்ரோல் ஆவி கலனுக்குள்ள நெறஞ்சா ஒரு சின்ன பொறி போதும், 12 வோல்ட் வகையில பொறி பக்கத்துலயே இருக்கு. இத பேருக்குள்ள அடைக்க முடியாது, கட்டுரையில மொத பத்தியிலயே எழுதிடணும். பிரேக் ஆயிலுக்கு தனி டியூப் வச்சுக்க சொல்லுங்க. இன்ஜின் ஆயில் பட்ட டியூப பிரேக் ஆயில் டப்பாவுல விட்டா அதுல ஒட்டியிருக்குற கொஞ்சம் ஆயிலே பிரேக் ரப்பர் சீல ஊத வச்சுடும்.

இன்னொரு நண்பர் தனிமடல்ல கேட்டது: மேல இருந்து வாங்குனா அடியில இருக்குற கசடு வருமா? முழுசா வராதுங்கறதுதான் நேர்மையான பதில், அடியில நட்ட கழட்டி வடிச்சாலும் கொஞ்சம் நிக்கத்தான் செய்யும், ஆனா டிரெயின் நட்டுல காந்தம் இருக்குற வண்டியில இரும்புத்தூள் ஒட்டியிருக்கான்னு பாக்குற வாய்ப்பு இந்த முறையில போயிடும். நான் ரெண்டு தடவ வாங்கிட்டு மூணாவது தடவ நட்ட கழட்டி பாக்குறேன். சில வண்டியில ஆயில் கேஜ் குழல் சேம்பர் அடி வரைக்கும் போகாது, சில புது வண்டியில கேஜ் கம்பியே இல்ல, சென்சார்தான், அவங்களுக்கு இந்த கருவி உதவாது. அதே சமயம் அடியில கை போகவே முடியாத படகு இன்ஜினுக்கு இது இல்லாம ஆயில் மாத்துறது பெரும்பாடு.

உள்ள விடுற டியூபுக்கு ஒரு சொல் கேட்டுருந்தீங்க. நான் அத அடி தேடித் தேடி இறக்குறப்போ கைக்கு தோணுன சொல் "துழாவுகுழல்". இருட்டுல பொருள தேடுற மாதிரி நுனி எங்க இருக்குன்னு கைவிரல்லதான் தெரியும், அடியில முட்டுனதும் மெல்லிசா ஒரு தட்டு, அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் மேல தூக்கிட்டு பம்ப அடிக்கணும். ஆயில் கேஜுக்கு "அளவுக்கம்பி" போதும், அதுக்கு மேல யோசிக்க வேண்டாம். சேம்பர மட்டும் சேம்பர்னே விடுங்க, மெக்கானிக் கிட்ட போய் "எண்ணெய்த்தொட்டி"ன்னா அவர் வேற எதையோ நெனைப்பார்.

யாருக்கும் மறுப்பு இல்லன்னா உங்க கட்டுரையில அந்த வரி இப்படி வரட்டும்: "இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது அளவுக்கம்பியை உருவிவிட்டு, நீர்மவாங்கியின் துழாவுகுழலை சேம்பரின் அடி தட்டும்வரை இறக்கி, சற்றே மேலே தூக்கிவிட்டு பம்பை அடிக்கவும், ஆயில் வந்து முடிந்ததும் கலனில் எத்தனை லிட்டர் இருக்கிறதென்று பார்த்துவிட்டு, அதன் பிறகே புது ஆயிலைத் திறக்கவும்."