செங்கோலைத் தூக்கிக்கொண்டு போனால் சபை நின்றுவிடுமா?

வெட்டிவாசகன்:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய காணொளிகளை உருட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 2018 டிசம்பர் 10, லண்டன், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை. பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் ஒப்பந்தத்தின் மீதான வாக்கெடுப்பை அப்போதைய பிரதமர் தெரசா மே தள்ளிப்போட்டுவிட்டார் என்று ஒரே கூச்சல். லேபர் கட்சியின் லாயிட் ரசல்-மோயில் எழுந்து போய், மேசைமேல் கிடந்த நீளமான தங்க நிறத் தடியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பிக்கிறார். சபையே கத்துகிறது. ஊழியர்கள் வழிமறித்து வாங்கித் திரும்ப மேசையில் வைக்கிறார்கள், சபாநாயகர் அவரை அன்றைக்கு முழுக்க வெளியே போகச் சொல்லிவிடுகிறார்.

அந்தத் தடி இல்லாவிட்டால் சபை கூடவே முடியாது, அதனால்தான் அத்தனை பதற்றம் என்று காணொளிக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நிஜமா? உறுப்பினர்கள் இருக்கிறார்கள், சபாநாயகர் நாற்காலியில் இருக்கிறார், தடி மட்டும் இல்லை என்றால் எதுவும் செல்லாதா? அப்புறம் இன்னொரு குழப்பம். தமிழ்ச் செய்திகளில் இதையும் செங்கோல் என்கிறார்கள், டெல்லியில் 2023-இல் வைத்ததையும் செங்கோல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கிண்டல் வேண்டாம்.

பழையபேப்பர்:

நிஜம்தான், ஆனால் அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்தத் தடி மன்னரின் அதிகாரத்துக்கு அடையாளம். மன்னர் பெயரில் கூடிச் சட்டம் இயற்றும் உரிமை இந்தச் சபைக்கு உண்டு என்று காட்டத்தான் அதை மேசைமேல் வைக்கிறார்கள். அது இல்லாமல் சபை நடத்துவதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு நாளும் சபை தொடங்கும்போது சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் என்ற அதிகாரி அதைத் தோளில் சாய்த்தபடி சபாநாயகருக்கு முன்னால் நடந்து வருவார்.

எனக்கு இதில் பிடித்த சங்கதி, தடி எங்கே இருக்கிறது என்பதை வைத்தே சபை என்ன வேலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தேர்தல் முடிந்து புதிய சபை முதல்முறை கூடும்போது அது மேசைக்குக் கீழே உள்ள தாங்கிகளில் கிடக்கும். சபாநாயகரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மேலே ஏறும். அதேபோல் சபை முழுவதும் ஒரே குழுவாக மாறி ஒரு மசோதாவை வரிவரியாகப் பார்க்க உட்காரும்போது, சபாநாயகர் நாற்காலியைவிட்டு இறங்கிவிடுவார், தடியும் கீழே இறங்கிவிடும். மூன்றாம் நபர் யாராவது உள்ளே எட்டிப்பார்த்தால் ஒருவரையும் கேட்காமலே நிலவரம் புரிந்துவிடும்.

செங்கோல் என்று மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அது அசலில் கதாயுதம். சார்ஜென்ட்கள் அந்தக் காலத்தில் மன்னரின் மெய்க்காவலர்கள், கையில் வைத்திருந்தது மண்டையைப் பிளக்கிற இரும்புக் கதை. போகப்போக அடிக்கிற முனை சிறுத்து, அரச முத்திரை பதித்த கைப்பிடி முனை பெருத்து, கடைசியில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மேலே கிரீடத்தோடு தெரிவது பழைய கைப்பிடி முனைதான்!

தூக்கினவர்கள் வரிசையும் பெரிது. 1930-இல் ஜான் பெக்கெட். 1976-இல் மைக்கேல் ஹெசல்டைன், கப்பல் மற்றும் விமானத் தொழிலை அரசுடைமையாக்கும் மசோதாவில் ஒரே ஒரு வாக்கில் தோற்ற எரிச்சலில் தூக்கி, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். 1988-இல் ரான் பிரவுன் கீழே போட்டு உடைத்தேவிட்டார், பழுதுபார்க்க 1,500 பவுண்டு கட்டச் சொன்னார்கள். 2009-இல் ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை விவகாரத்தில் ஜான் மெக்டொனல், அவருக்கு ஐந்து நாள் இடைநீக்கம். எல்லாருக்கும் முன்னோடி, மன்னராட்சியை ஒழித்த தரப்பின் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல். 1653 ஏப்ரலில் படைவீரர்களோடு உள்ளே வந்து, இந்த விளையாட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிச் சபையையே கலைத்தவர்.

குறுக்குக்கேள்வி:

நல்ல பதிவு பழையபேப்பர். ஆனால் படிக்கிறவர்கள் கிராம்வெல் தூக்கச் சொன்ன அதே தடியைத்தான் 2018-லும் தூக்கினார்கள் என்று நினைத்துவிடுவார்கள். இப்போது இருப்பது முடியாட்சி திரும்பி வந்த பிறகு இரண்டாம் சார்லஸ் காலத்தில் செய்தது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது, நீளம் சுமார் ஒன்றரை மீட்டர்.

கடலோரத்தான்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாராளுமன்றத்தில் இதற்கு அதிகாரபூர்வத் தமிழ்ச் சொல்லே செங்கோல்தான், ஆகவே மொழிபெயர்ப்புச் சண்டையை எங்களோடு வைக்காதீர்கள். அதைச் சுமந்து வருகிறவரைப் படைக்கலச் சேவிதர் என்போம். சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் என்று நாக்கைச் சுழற்றுவதைவிட இது எவ்வளவோ மேல் இல்லையா? படைக்கலம் என்ற சொல்லிலேயே பழையபேப்பர் சொன்ன ஆயுதக் கதையும் வந்துவிடுகிறது.

எங்கள் செங்கோலும் சபாநாயகரின் ஆசனமும் பிரித்தானிய காமன்ஸ் சபை 1949 ஜனவரியில் அன்பளிப்பாகக் கொடுத்தவை. கருங்காலித் தண்டு, வெள்ளி வேலைப்பாடு, தங்கம், நீலக்கல். சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட முடியவில்லை. அப்போது அவர்களுக்கே சொந்தமாகச் சபை மண்டபம் கிடையாது. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் காமன்ஸ் மண்டபம் எரிந்துபோய், 1950-இல்தான் புதிது திறந்தார்கள். அதற்குப் பொதுநலவாய நாடுகள் ஆளுக்கொரு பொருள் கொடுத்தன. ஆஸ்திரேலியா சபாநாயகர் நாற்காலி, கனடா அந்த மேசை, இந்தியாவும் பாகிஸ்தானும் கதவுகள். சிலோன் கொடுத்தது என்ன தெரியுமா? படைக்கலச் சேவிதரின் நாற்காலி. அவர்கள் எங்களுக்குச் செங்கோல் தந்தார்கள், நாங்கள் செங்கோல் தூக்குகிறவர் இளைப்பாற இருக்கை கொடுத்தோம். கணக்குச் சரி.

பொருள் இல்லாவிட்டால் சபை நடக்குமா என்ற கேள்விக்கு எங்களிடம் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. 2018 நவம்பர் 16, அரசியல் நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம். உறுப்பினர்கள் சபாநாயகரின் ஆசனத்தையே பிடித்து வைத்துக்கொண்டார்கள், மிளகாய்த் தூள் பறந்தது, கதிரைகள் பறந்தன. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸாருக்கு நடுவே நின்றபடி, ஆசனம் இல்லாமலே, குரல் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். செல்லும் செல்லாது என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். அன்றைக்கு நேரலையில் பார்த்த எனக்கு அந்த ஆசனத்தை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்கவே தோன்றவில்லை. அதில் யார் இருக்கிறார் என்பதுதான் முழுச் சண்டையுமே.

இரண்டாம்ஷிஃப்ட்:

மன்னரே இல்லாத நாட்டில் இது எப்படி என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. கிரீடம் கிடையாது, பதின்மூன்று கருங்காலிக் குச்சிகளை வெள்ளிப் பட்டையால் சேர்த்துக் கட்டி, உச்சியில் வெள்ளி உருண்டை, அதன்மேல் கழுகு. பதின்மூன்று என்பது ஆரம்பத்தில் சேர்ந்த மாநிலங்களின் கணக்கு. முதலில் இருந்ததை 1814-இல் பிரிட்டிஷ் படை தலைநகரைக் கொளுத்தியபோது நெருப்பு தின்றுவிட்டது. பல வருடம் வர்ணம் பூசிய மரத் தடியை வைத்து ஓட்டினார்கள், இப்போதிருப்பது 1841-இல் செய்தது. அங்கேயும் அதே இடமாற்ற விளையாட்டு உண்டு. சபையாக இருந்தால் உயரமான பீடம், முழுச்சபைக் குழுவாக மாறினால் தாழ்ந்த பீடம். அதற்குமேல் ஒரு வேலையும் உண்டு. உறுப்பினர் யாராவது அடங்கவில்லை என்றால் சபாநாயகர் உத்தரவின்பேரில் சார்ஜென்ட் அதைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது செனட்டின் தந்தச் சுத்தியல். சுத்தியல் என்கிறோமே தவிர அதற்குப் பிடியே கிடையாது, மணற்கடிகாரம் போல் நடுவில் ஒடுங்கிய சின்னத் துண்டு, உள்ளங்கைக்குள் பொத்தி மேசையில் தட்டவேண்டியதுதான். பழைய தந்தம் விரிசல் விட்டு, இரு பக்கமும் வெள்ளித் தகடு அடித்தும் தாங்காமல், 1954-இல் அணுசக்தி மசோதா விவாதம் ராத்திரி வரை நீண்ட ஒரு நாளில், அப்போது துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன் தட்டிய தட்டில் உடைந்துபோனது. மாற்றுக்கு அந்த அளவில் நல்ல தந்தம் கடையில் கிடைக்கவில்லை. கடைசியில் இந்தியத் தூதரகத்தைக் கேட்டார்கள். 1954 நவம்பர் 17-இல் புதுச் சுத்தியலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் யார் தெரியுமா? நம் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், அப்போது இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவர்.

இதில் அழகு என்னவென்றால், அமெரிக்கத் துணை அதிபர்தான் செனட்டின் தலைவர், இந்தியத் துணைக் குடியரசுத் தலைவர்தான் மாநிலங்களவையின் தலைவர். சபையை அடக்குகிற சிரமம் தெரிந்த ஒருவர், அதே சிரமத்தில் சுத்தியலை உடைத்துக்கொண்ட இன்னொருவருக்குக் கொடுத்த பரிசு. உடைந்ததையும் அவர்கள் தூக்கிப்போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

குறுக்குக்கேள்வி:

டெல்லி பற்றிய கேள்வியை எல்லாரும் நைசாகத் தாண்டிப் போகிறீர்களே. நான் எடுக்கிறேன், அடிதடி வேண்டாம்.

நம் மக்களவைக்கு லண்டன் பாணித் தடி எதுவும் எப்போதும் இருந்ததில்லை. இங்கே சபை கூட எது வேண்டும் என்பதை அரசியலமைப்பின் 100-வது பிரிவு சொல்லிவிடுகிறது: மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு பேர். 1952 முதல் 2023 வரை அத்தனை மக்களவையும் செங்கோல் இல்லாமல்தான் நடந்தது, அந்தச் சட்டங்கள் எல்லாம் செல்லும். நாளைக்கே அதை எடுத்து உள்ளறையில் வைத்தாலும் கேள்வி நேரம் பதினொரு மணிக்குத் தொடங்கிவிடும்.

பொருளின் வரலாறு தனி. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஏற்பாட்டில், சென்னையில் உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையினர் செய்தது. சுமார் ஐந்தடி உயரம், வெள்ளியின் மேல் தங்க முலாம், உச்சியில் நந்தி. ஆதீனத்தின் சார்பில் தம்பிரான், ஓதுவார், நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளை என்று ஒரு குழுவே டெல்லி போய், 1947 ஆகஸ்ட் 14 இரவு நேருவின் வீட்டில் கொடுத்தார்கள். சம்பந்தரின் கோளறு பதிகம் பாடினார்கள். "அரசாள்வர் ஆணை நமதே" என்று முடிகிற பதிகம், தேர்ந்தெடுத்தவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. பிறகு பல பத்தாண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

சண்டை எங்கே என்றால், அதை மவுண்ட்பேட்டன் கையில் கொடுத்து வாங்கி ஆட்சி மாற்றத்தின் அதிகாரபூர்வ அடையாளமாக நேருவிடம் கொடுத்தார்கள் என்ற பகுதியில். கொடுத்தது நடந்தது, அந்தக் காலப் பத்திரிகைகளிலேயே செய்தி வந்தது. மவுண்ட்பேட்டன் பகுதிக்கு ஆவணம் காட்டவில்லை என்பதுதான் வரலாற்று ஆசிரியர்கள் பலரின் ஆட்சேபம். 2024 ஜூனில் சமாஜ்வாதி உறுப்பினர் ஆர். கே. சௌத்ரி, செங்கோலை எடுத்துவிட்டு அரசியலமைப்புப் பிரதியை வைக்கவேண்டும் என்று கேட்டது இன்னொரு சுற்று. அதற்குள் நான் போகவில்லை.

என் கருத்து: கதாயுதத்தையும் இதையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் பாதிக் குழப்பம். செங்கோல் என்றால் வளையாத கோல், எதிர்ச்சொல் கொடுங்கோல். செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் வெற்றி தருவது வேல் அல்ல, கோல் என்கிறார், அதுவும் கோணாமல் இருந்தால் மட்டும். லண்டன் தடியின் பூர்வீகம் வேல் பக்கம். (கடலோரத்தான் மன்னிக்கவும், உங்கள் நாட்டில் சொல் நிலைபெற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.)

கடலோரத்தான்:

மன்னித்தேன். ஆனாலும் மாற்றமாட்டோம்.

வெட்டிவாசகன்:

கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அமெரிக்காவில் எரிந்தபோது மரத் தடியை வைத்து ஓட்டினார்கள் என்கிறார் இரண்டாம்ஷிஃப்ட். அப்படியானால் அசல் தடிதான் வேண்டும் என்பதில்லை, ஏதோ ஒரு தடி இருந்தால் போதும், அப்படித்தானே? பழையபேப்பர், லண்டன் மரபில் அது ஒத்துவருமா?

பழையபேப்பர்:

லண்டன் மரபிலிருந்தே முளைத்த கனடாவில் நடந்திருக்கிறது. 1916 பிப்ரவரி 3 இரவு ஒட்டாவா நாடாளுமன்றத்தின் நடுக்கட்டடம் தீப்பிடித்தது, உள்ளே இருந்த தடியும் உருகிப்போனது. சபை நின்றுவிடவில்லை. மரத்தில் ஒன்று செய்து வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். 1917-இல் லண்டன் மேயர் தரப்பிலிருந்து புதுத் தடி பரிசாக வந்தது, பழையதில் உருகி மிஞ்சிய உலோகத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதற்காக மரத் தடியை அடுப்பில் போட்டுவிடவில்லை. ஒவ்வொரு பிப்ரவரி 3-ஆம் தேதியும் தங்க முலாம் பூசியதை ஓரமாக வைத்துவிட்டு மரத் தடியைத்தான் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். அன்றைக்குச் சபை கூடுகிற நாளாக இருந்தால் நேரலையில் நீங்களே பார்க்கலாம்.

இரண்டாம்ஷிஃப்ட்:

பொருள் மாறினாலும் ஆட்டம் நிற்காது என்பதற்கு லண்டனில் மேலவையான பிரபுக்கள் சபையிலும் ஒரு சாட்சி. அங்கே தலைமை வகிப்பவர் உட்காருவது கம்பளி மூட்டை, பெரிய சிவப்பு மெத்தை. மூன்றாம் எட்வர்ட் காலத்தில் நாட்டின் செல்வமே கம்பளி வியாபாரம்தான் என்பதைக் காட்ட வைத்தது. 1938-இல் பழுதுபார்க்கப் பிரித்தால் உள்ளே அடைத்திருந்தது குதிரைமுடி! அப்புறம் பொதுநலவாய நாடுகளிலிருந்தெல்லாம் கம்பளி வரவழைத்துத் திரும்ப அடைத்தார்கள்.

வெட்டிவாசகன்:

அதுவரை குதிரைமுடிமேல் உட்கார்ந்து நிறைவேற்றிய சட்டங்களை யாரும் செல்லாது என்று சொல்லவில்லையே?

இரண்டாம்ஷிஃப்ட்:

சொல்லவில்லை. ஆனால் கம்பளி வரும்வரை விடவும் இல்லை.