கிட்டத்தில் எடுத்தால் தும்பைப்பூ வெளுத்துப் போகிறது: சிறிய டிஜிட்டல் கேமராவில் என்ன வழி?

கேள்வி: குடியாத்தம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கவுண்டன்ய ஆற்றங்கரையிலும் வயல் வரப்புகளிலும் மழைக்குப் பின் முளைக்கும் செடிகளைப் படமெடுத்து, என் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு தொகுப்பு உருவாக்கி வருகிறேன். என்னிடம் இருப்பது கைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமரா. நெருஞ்சியும் குப்பைமேனியும் ஆவாரையும் ஓரளவு நன்றாகவே பதிகின்றன. தும்பை மட்டும் பிடிகொடுக்க மறுக்கிறது. அதன் பூவில் மேலுதடு போல அமைந்த இதழில் இருக்கும் பஞ்சு போன்ற ரோமங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை; படத்திலோ வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து ஒட்டியது போல ஒரு திட்டுதான் தெரிகிறது.

பூச் சின்னம் போட்ட மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்கும்) நிலையில், சுமார் 5 செ.மீ. தொலைவில் இருந்து, காலை பத்து மணி வாக்கில் எடுக்கிறேன். வேலியோர நிழலில் எடுத்தால் ஃபிளாஷ் தானாகவே எரிந்து பூவை வெளுக்க வைக்கிறது. வெயிலில் எடுத்தால் ஃபிளாஷ் எரியாமலே வெளுக்கிறது. கணினியில் பிரகாசத்தைக் குறைத்துப் பார்த்தேன். வெள்ளை சாம்பல் நிறமானதே தவிர ரோமம் தெரியவில்லை. விலை கூடிய கேமரா வாங்காமல் இதைச் சரிசெய்ய இயலுமா?

பதில்: வேலூர் ஆபீசர்ஸ் லைன் ஸ்டூடியோக்காரர்

வணக்கம் அம்மா. நிழலில் வெளுப்பதற்கும் வெயிலில் வெளுப்பதற்கும் காரணங்கள் வேறு வேறு; தனித்தனியே பார்ப்போம்.

முதலில் ஃபிளாஷ். வெளிச்சத்தின் வலிமை தூரத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறையும் என்பதால், 50 செ.மீ. தள்ளி நிற்கும் பொருளைவிட 5 செ.மீ. தொலைவில் உள்ள பூவின் மீது ஏறக்குறைய 100 மடங்கு ஒளி விழுகிறது. கேமரா ஃபிளாஷை எவ்வளவுதான் சுருக்கமாக எரித்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே அதனால் போக முடியாது. தவிர, அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸ் குழலின் நிழலே படத்தின் ஒரு மூலையில் விழுந்துவிடும். ஆகவே மேக்ரோவில் ஃபிளாஷைக் கட்டாயமாக அணைத்துவிடுங்கள். தானியங்கி நிலையில் விட்டுவைக்காதீர்கள்.

வெயிலில் நடப்பது வேறு. கேமராவுக்குத் தும்பை எது, தழை எது என்று தெரியாது. சட்டகம் முழுவதையும் பார்த்து, மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வரும்படி ஒளியைத் தீர்மானிக்கிறது. உங்கள் படத்தில் முக்கால் பங்குக்கு மேல் கரும்பச்சை இலையும் ஈர மண்ணும்தான் இருக்கும். 'இடம் இருட்டாக இருக்கிறது' என்று எண்ணிக் கேமரா ஒளியைக் கூட்டுகிறது. நடுவில் இருக்கும் சிறிய வெள்ளைப் பூ அதற்குப் பலியாகிறது. கேமராவின் மெனுவில் கூட்டல், கழித்தல் குறிகளோடு எக்ஸ்போஷர் திருத்தம் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) இருக்கும். அதை மைனஸ் 0.7 என்று வைத்து ஒரு படமும், மைனஸ் 1.3 என்று வைத்து இன்னொரு படமும் எடுங்கள். மைனஸ் 1 என்றால் சென்சாருக்கு (படத்தைப் பதியும் சில்லுக்கு)ப் போகும் ஒளி சரிபாதியாகும். இலைகள் சற்று இருண்டு தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். ஜேபெக் (கேமரா வழக்கமாகச் சேமிக்கும் கோப்பு வகை) படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரைதான் பதிகிறது. மூன்று நிறங்களும் 255 ஐத் தொட்டுவிட்ட இடத்தில் மீட்பதற்கு எதுவும் இல்லை. கணினியில் ரோமம் திரும்பி வராததற்குக் காரணம் இதுதான். இருண்ட இலையை மட்டும் பின்னர் கணினியில் ஓரளவு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம்.

திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் எந்தத் திரையும் சரியாகத் தெரியாது. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருண்ட பகுதிகளை இடப்புறமும் வெளிச்சப் பகுதிகளை வலப்புறமும் காட்டும் வரைபடம்) காட்டும் வசதி இருந்தால் அதை இயக்கி, வரைபடம் வலது ஓரத்தில் சுவர் போல முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பூ சிறியது என்பதால் அந்த முட்டல் மெல்லிய கோடாகத்தான் இருக்கும். அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

பதில்: ஆம்பூர் தோல் ஆய்வாளர்

நான் பூக்களை எடுப்பவன் அல்லன். தோல் தொழிற்சாலையில், மெருகேற்றிய தோலின் கீறல்களையும் உண்ணிக் கடித் தழும்புகளையும் இதே போன்ற சிறிய கேமராவில் எடுப்பது என் வேலை. பளபளக்கும் கறுப்புத் தோல் மீது நேரடி ஒளி பட்டால், தழும்பு இருக்கும் இடத்திலேயே ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்து நிற்கும். எத்தனை மைனஸ் வைத்தாலும் அது முழுமையாகப் போகாது, ஏனெனில் அங்கே குற்றம் ஒளியின் அளவில் இல்லை, அது ஒரே புள்ளியிலிருந்து வருவதில் இருக்கிறது. வெயிலுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக விரித்துப் பிடித்தால் அந்தக் குறை நீங்குகிறது. துணியைப் பொருளுக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுவருகிறோமோ அவ்வளவுக்கு ஒளி மென்மையாகும்.

உங்கள் தும்பைக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். ஒரு மாணவரைத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். வண்ணத் துணி மட்டும் வேண்டாம். அந்த நிறம் இதழில் ஏறிவிடும்.

பதில்: காட்பாடி வாசகர்

ஸ்டூடியோ ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சிலர் ஸ்பாட் மீட்டரிங்கை (சட்டகத்தின் ஒரு சிறு இடத்தில் மட்டும் ஒளியை அளக்கும் முறையை) இயக்கிப் பூவின் மீதே அளவெடுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மைனஸை நீக்கிவிட வேண்டும். அந்நிலையில் கேமரா வெள்ளைப் பூவை மட்டும் பார்த்து அதைச் சாம்பலாக்க முயலும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பூ அழுக்காகத் தெரியும். ஸ்பாட்டில் அளந்தால் பிளஸ் 1 அளவில் தொடங்குவதே சரி. இதே காரணத்தால்தான் மல்லிகைச் சரம் சட்டகம் முழுவதையும் நிறைக்கும்போது, வழக்கமான மீட்டரிங்கிலும் படம் மங்கலாக வருகிறது.

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஏழு மணிக்கு முன்பே ஆற்றங்கரைக்குச் சென்றேன். ஃபிளாஷை அணைத்து, ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்கான உணர்திறன் அளவை) 100 இல் வைத்து, கை நடுக்கம் படத்தில் ஏறாதிருக்கக் கேமராவை ஒரு செங்கல் மீது இருத்தி, 2 நொடி டைமரில் எடுத்தேன். மைனஸ் 0.7 இல் மேலுதட்டின் விளிம்பு இன்னும் வெளுத்தே இருந்தது. மைனஸ் 1 இல், வேட்டித் துணியின் கீழ், ரோமங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிகின்றன. பூவின் அடிப்பகுதியில் தேனுக்காகத் தலையை நுழைத்திருந்த ஒரு சிற்றெறும்பின் பின்கால்களும் பதிந்திருக்கின்றன. காற்று வீசும்போது மட்டும் தண்டு அசைந்து படம் கலங்குகிறது. நாளை ஒரு குச்சியை ஊன்றி, அதில் தண்டைத் துணி கிளிப்பால் பிடித்து எடுத்துப் பார்க்கப் போகிறேன்.