சனிக்கிழமை விளையாட்டு, வெள்ளிக்கிழமை குப்பை: வெள்ளவத்தை லேன் குழு

*16 ஏப்ரல், வியாழன்*

காலை 6:41, கஜன்: எல்லாருக்கும் வணக்கம். முனிசிப்பல் பக்கத்துச் செய்தி மூண்டு.
சனி 18ஆம் திகதி கிரவுண்ட் காலமை 6.30 தொடக்கம் 2 மணி மட்டும் எங்களுக்கு. எழுத்தில தந்திட்டினம். 2 மணிக்கு கேட் பூட்டுவினம்.
குப்பை லொறி இந்தக் கிழமை சனி வராது. வெள்ளி காலமை மட்டும்தான்.
வெள்ளி இரவு தண்ணி அழுத்தம் குறைவா இருக்குமாம்.
கிரவுண்டுக்கு வைப்புக்காசு கட்டியாச்சு. துப்பரவாக்கிக் குடுத்தால்தான் அது திரும்பி வரும்.

6:48, செல்வி அன்ரி: புத்தாண்டு விளையாட்டெண்டால் பின்னேரம்தானே வடிவு. வெயில் தாழ்ந்தாப் பிறகு சனமும் வரும். ஏன் தம்பி 2 மணியோட முடிக்கிறியள்?

6:52, கஜன்: அன்ரி, ஏப்ரல் மாசக் கொழும்பு மழையை நம்பேலாது. காலமை முழுக்கக் கொதிக்கும், மத்தியானம் திரும்பினாப் பிறகு இருண்டுகொண்டு வந்து இடியோட கொட்டும். நடுக் கிரவுண்டில ரெண்டு இரும்புக் கம்பம் வேற நட்டிருப்பம். பிரேமதாச மைதானத்தில மாதிரி முழுக் கிரவுண்டையும் மூடுறதுக்கு எங்களிட்ட தார்ப்பாயும் இல்லை, ஆளும் இல்லை 😀

6:59, சிவநேசன் மாமா: கஜன் சொல்லுறது சரி. எங்கட நாட்டில மின்னல் கூடின காலம் மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும். 2 மணிக்கு முதலும் வரலாம், அதால ஒராள் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். மின்னல் கண்ட உடன எண்ணத் தொடங்குங்கோ. 30 செக்கனுக்குள்ள இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள்ள நிக்குது, ஆட்டத்தை உடன நிப்பாட்டுங்கோ. கடைசி இடி கேட்டு 30 நிமிசம் போனாப் பிறகுதான் திரும்ப இறங்கலாம். கொட்டில், கூடாரம், மரத்தடி ஒண்டும் பாதுகாப்பில்லை. கட்டடத்துக்குள்ள, இல்லாட்டி கண்ணாடி மூடின வாகனத்துக்குள்ள.

7:03, தாரணி 4சி: ஸ்பீக்கருக்கு பொலிஸ் அனுமதி எடுத்தாச்சா? உச்ச நீதிமன்றம் 2007இல குடுத்த உத்தரவுப்படி இரவு 10 தொடக்கம் காலமை 6 வரைக்கும் ஒலிபெருக்கி போடேலாது. 5.30க்கே பாட்டுப் போட்டு ஆளை எழுப்ப வேண்டாம் கஜன்.

7:04, கஜன்: எடுத்தாச்சு அக்கா. 6.45க்கு முதல் சத்தம் வராது.

7:20, நஸீர் நானா: அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். குப்பைய பத்தி ஒரு விஷயம். விளையாட்டு சனிக்கெழம, லொறி வெள்ளிக்கெழம. அப்ப சனிக்கெழம சேர்ற குப்ப அடுத்த லொறி வரைக்கும் எங்கட லேன்லதான் ஈக்கும். அதனால ஈரமானது காஞ்சது ரெண்டையும் ஒண்ணா போட்டுறாதீங்க. பச்ச பேக்ல சாப்பாட்டுக் கழிவு, நீலத்துல கடதாசி, ஒரேஞ்சுல பிளாஸ்டிக், சிவப்புல கண்ணாடிப் போத்தல், மண்ணிறத்துல தகரமும் செரட்டயும். கறி பட்ட கடதாசி நீலத்துக்குப் போகாது, பச்சைக்கு. எல்லாரும் பிழ விடுறது அங்கதான்.

7:23, நஸீர் நானா: பத்து எடத்துல பேக் தொங்கவிட்டா ஒரு வேலயும் இல்ல. ரெண்டே எடம், ஒவ்வொண்டுலயும் ஒராள் நிக்கணும். ஆள் நிக்காத பேக்ல அர மணித்தியாலத்துல எல்லாம் கலந்துரும், கலந்தத லொறிக்காரர் எடுக்க மாட்டாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல ஏலாது. மீதொட்டமுல்ல குப்ப மல சரிஞ்சது 2017 ஏப்ரல் 14, இதே புத்தாண்டு நாள்லதான். 30 பேருக்கு மேல மௌத்தானாங்க. தரம் பிரிச்சுத் தரணும் எண்டு இறுக்கினது அதுக்குப் பொறவுதான்.

7:31, செல்வி அன்ரி: மத்தியானச் சாப்பாடு பார்சல்தானே? லன்ச் ஷீட்டில சுத்தினால் கறி ஒழுகாது.

7:33, ரமணி அக்கா: பொலித்தீன் லன்ச் ஷீட் தடை அன்ரி. வாழையிலை வாட்டிக் கட்டுவம், வெளியால ஒரு பேப்பர். ரெண்டும் பச்சை பேக்குக்கே போகும், நஸீர் நானாவுக்கும் வேலை மிச்சம்.

7:40, ரமணி அக்கா: அதைவிட முக்கியம் தம்பிலிக் (செவ்விளநீர்) கோம்பை. 60 பேர் குடிச்சால் 60 கோம்பை. வாய் மேல பாக்கக் கிடந்தால் ஒரு மழைக்கு ஒவ்வொண்டிலயும் கால் கிளாஸ் தண்ணி நிக்கும். டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு 7 தொடக்கம் 10 நாள் போதும். குடிச்சு முடிச்ச கையோட நாலாப் பிளந்து கவிழ்த்துப் போடுங்கோ. ரெண்டாப் பிளந்தால் போதாது, அரைக் கோம்பையும் கிண்ணம்தான். தம்பிலிக்காரரிட்டயே சொல்லுங்கோ, கத்தி அவரிட்ட இருக்கு.

7:44, செல்வி அன்ரி: புகை அடிக்க வரச் சொன்னால் என்ன? பி.எச்.ஐ.யிட்ட (சுகாதாரப் பரிசோதகரிட்ட) ஒருக்கா கேட்டுப் பாருங்கோவன்.

7:47, ரமணி அக்கா: புகை பறக்கிற நுளம்பை மட்டும்தான் கொல்லும். தண்ணிக்குள்ள நெளியிற குடம்பிக்கு ஒண்டும் செய்யாது. முட்டை இன்னும் மோசம், தண்ணி மட்டத்துக்குச் சற்று மேல சுவரில ஒட்டியிருக்கும். தண்ணியை ஊத்திப்போட்டு விட்டாலும் காய்ஞ்சபடியே மாசக்கணக்கில கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். பூச்சாடித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு எல்லாம் கிழமைக்கு ஒருக்கா பிரஷால உரஞ்சிக் கழுவவேணும். காய்ச்சல் இருக்கிற பிள்ளையை சனிக்கிழமை இறக்க வேண்டாம். பரசிட்டமோல் மட்டும் குடுங்கோ. இபுபுரோஃபனும் டைக்ளோஃபெனாக்கும் குடுக்கவே கூடாது, டெங்குவா இருந்தால் இரத்தக் கசிவு கூடும். மூண்டாம் நாளுக்குள்ள எஃப்.பி.சி. இரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கோ.

7:55, கஜன்: சரி அக்கா. கரப்பந்து 8 டீம், 8 மணிக்குத் தொடங்கும். கயிறிழுத்தலுக்கு நைலோன் கயிறு வாங்கியிருக்கு, 20 மீட்டர்.

7:57, சிவநேசன் மாமா: அதைத் திருப்பிக் குடுங்கோ. நைலோன் றப்பர் மாதிரி இழுபட்டு நிக்கும். அறுந்தால் அந்த இழுவை முழுக்க சவுக்கடி மாதிரித் திரும்பி வரும். மணிலாக் கயிறு எடுங்கோ, சுற்றளவு 10 தொடக்கம் 12.5 சென்றிமீட்டர், நீளம் 33.5 மீட்டருக்குக் குறையாமல். பக்கத்துக்கு 8 பேர். ஒருத்தரும் கையில சுத்திப் பிடிக்கக்கூடாது, இதை மைக்கில ரெண்டு தரம் சொல்லுங்கோ. விரல் போறது அதாலதான். உடம்பைச் சுத்திப் போடலாமெண்டால் கடைசி ஆள் மட்டும், அதுவும் முடிச்சில்லாமல். விசில் கேட்ட உடன ஒரு பக்கம் சட்டெண்டு கைவிட்டால் மற்றப் பக்கம் ஒராளுக்கு மேல ஒராளா விழும். மெல்ல மெல்லத் தளர்த்தச் சொல்லுங்கோ.

8:02, கஜன்: மாமா 🙏 மாத்துறன்.

8:05, தாரணி 4சி: முட்டி உடைக்கிறது சாக்கோட்டத்துக்கு முதல் எண்டு நிகழ்ச்சி நிரலில கிடக்கு. ஓட்டுத் துண்டுக்கு மேல பிள்ளையள் வெறுங்காலோட துள்ளுறதோ? முட்டியைக் கடைசிக்குப் போடுங்கோ. கீழ ஒரு தார்ப்பாய் விரிச்சால் துண்டெல்லாத்தையும் மடிச்சு அள்ளலாம். சுத்திவர 5 மீட்டருக்குக் கயிறு கட்டுங்கோ, கண்கட்டினவர் பொல்லை எந்தப் பக்கம் வீசுவாரெண்டு அவருக்கே தெரியாது.

8:06, தாரணி 4சி: பெண்கள் கரப்பந்துக்கு வலையை இறக்க மறக்க வேண்டாம். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. அளக்கிறது நடுவில. கம்பத்தில அளந்து கட்டினால் நடு தொய்ஞ்சு போகும். ஓரக் கோட்டுக்கு மேல ரெண்டு பக்கமும் ஒரே உயரமா இருக்கவேணும், நடுவைவிட 2 சென்றிமீட்டருக்கு மேல கூடக்கூடாது. ஒரு தடியில ரெண்டு உயரத்தையும் பெயின்ற்றால கோடு போட்டு வைச்சால் ஒவ்வொரு மெட்ச்சுக்கு முதலும் பிடிச்சுப் பாக்கலாம். பந்துக்குக் காத்து 4.3 தொடக்கம் 4.6 பி.எஸ்.ஐ. சைக்கிள் பம்பால கண்மதிப்பில அடிச்சால் கல்லு மாதிரி இறுகும், பிறகு மணிக்கட்டு நோகுதெண்டு எல்லாரும் சுருண்டு கிடப்பினம்.

8:09, கஜன்: தேசிய விளையாட்டாச்சே, மரியாதையாச் செய்வம் 😀

8:11, தாரணி 4சி: அடுத்த வருசம் வலைப்பந்தும் வேணும். 2018இல ஆசியக் கிண்ணம் எடுத்த டீமில தர்ஜினி சிவலிங்கம் விளையாடினவ, எங்கட லேனில ஒரு வளையமும் இல்லை.

8:15, ரமணி அக்கா: தண்ணிக் கணக்கு. 60 பேர், இந்த வெயிலுக்கு ஆளுக்கு 3 லீற்றர், 180 லீற்றர். 19 லீற்றர் போத்தல் 10 சொல்லுங்கோ. ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) 20 பைக்கற். ஒரு பைக்கற் ஒரு லீற்றருக்கு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். கிளாசுக்குள்ள அரைப் பைக்கற்றைக் கொட்டிக் கலக்கினால் உப்புக் கூடிப் போகும். கரைச்சது 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊத்துறது. சுளுக்குக்கு பாம் பூசித் தேய்க்க வேண்டாம், ஐசைத் துவாயில சுத்தி 15, 20 நிமிசம். ஆள் எழும்பேலாமல் கிடந்தால் அம்புலன்சுக்கு 1990. இலவசம். கிரவுண்ட் கேட்டுக்குப் பக்கத்தில என்ன இருக்கெண்டு அடையாளம் சொல்லுங்கோ, ஒராள் ரோட்டில போய் நிண்டு கை காட்டவேணும். எங்களுக்குக் கிட்ட களுபோவில ஆஸ்பத்திரி.

8:30, நஸீர் நானா: வெள்ளி பின்னேரமே கீழ்த் தாங்கிய நெரப்பி மேல ஏத்திட்டு மோட்டர ஓஃப் பண்ணிருங்க. ராவுல கீழ்த் தாங்கி வத்தினா மோட்டர் தண்ணியில்லாம சுத்தி சீல் கருகிரும். சனி காலைல மெயின் பைப்ல மொதல்ல கலங்கல் வரும். தோட்டத்து டெப்ப தொறந்து தெளியும் வரைக்கும் ஓடவிட்டுத்தான் தாங்கிக்கு விடணும். தண்ணி வராட்டி 1939.

8:34, செல்வி அன்ரி: ஆதன வரி கட்டக் கடைசி நாள் எப்ப? வரித் தள்ளுபடி முடிஞ்சுதோ?

8:36, தாரணி 4சி: முழு வருசத்துக்கு 10 வீதம் ஜனவரி 31ஓட முடிஞ்சுது. இந்தக் காலாண்டுக்கு ஏப்ரல் 30க்கு முதல் கட்டினால் 5 வீதம்.

8:50, சிவநேசன் மாமா: இப்ப எங்கட கட்டடம். மழை பெருசா வந்தால் கீழ்மாடி பாத்ரூமுக்குள்ள கழிவு பொங்குதெண்டு செல்வி அன்ரி எழுதினவ. கான் அடைப்பெண்டு எல்லாரும் நினைக்கிறியள். எனக்குச் சந்தேகம் கூரைப் பைப்பில.

8:58, சிவநேசன் மாமா: நகருக்குள்ள மலக்கழிவு பைப் வேற, மழைத்தண்ணிக் கான் வேற. மலக்கழிவு பைப் முனிசிப்பலின்ர. வெள்ளவத்தைக் கழிவு பம்ப் பண்ணி நீண்ட பைப்பால கடலுக்குள்ள போகுது. அந்தப் பைப்பின்ர அளவு வீட்டுக் கழிவுக்குக் கணக்குப் பண்ணினது. எங்கட கூரை 200 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லீற்றர். ஆரோ ஒருத்தர் கூரைப் பைப்பை மேன்ஹோலுக்குள்ள விட்டிருந்தால் இந்தப் பத்தாயிரமும் மலக்கழிவு பைப்புக்குள்ள இறங்கும். அது தாங்காமல் ஆகப் பள்ளமான வாயால திரும்பி வரும். பள்ளமான வாய் அன்ரியின்ர பாத்ரூம் தரை ஓட்டை. கானை எத்தனை தரம் வெட்டினாலும் இது நிக்காது.

9:02, செல்வி அன்ரி: அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நிலத்தைத் தோண்டவேணுமோ?

9:06, சிவநேசன் மாமா: தோண்டத் தேவையில்லை. உடுப்புக்குப் போடுற நீலத்தை ஒரு வாளி தண்ணியில நல்லாக் கரைச்சு மொட்டை மாடியில இருந்து பைப்புக்குள்ள ஊத்துங்கோ, பின்னால ரெண்டு வாளி வெறுந்தண்ணி. கீழ ஒராள் கானைப் பாக்கட்டும், ஒராள் மேன்ஹோல் மூடியைத் தூக்கிப்போட்டுத் தள்ளி நிண்டு பாக்கட்டும். தலையை உள்ளுக்க விட வேண்டாம், இறங்கவே கூடாது. உள்ளுக்க இருக்கிற வாயு முதல்ல அழுகின முட்டை மாதிரி மணக்கும். கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாது. மணம் போச்செண்டு நம்பி இறங்கின ஆக்கள்தான் செத்தது.

9:10, கஜன்: பின்னேரம் 5க்கு நானும் தாரணி அக்காவும் செய்யிறம். கிரவுண்ட் ஓரத்துக் கானையும் நாளைக்கு வெட்டவேணும்.

9:12, சிவநேசன் மாமா: வெட்டின சேற்றைக் கானோரத்தில குவிக்காதேங்கோ, ஒரு மழைக்குத் திரும்ப உள்ளுக்குப் போகும். சாக்கில அரைவாசிக்கு மட்டும் போடுங்கோ, ஈரச்சேறு நிரப்பினால் ஒருத்தரும் தூக்கேலாது.

மாலை 5:24, தாரணி 4சி: (படம்)

5:25, தாரணி 4சி: கானில சொட்டு நீலமும் இல்லை. முன்பக்க மேன்ஹோலுக்குள்ள நல்ல நீலமா ஓடுது.

5:26, செல்வி அன்ரி: ஐயோ. இவ்வளவு காலமும் கானையெல்லோ திட்டினனான்.

5:29, சிவநேசன் மாமா: நிலத்தில இருந்து ஒரு அடி மேல பைப்பை வெட்டி, எல்போ ஒண்டு போட்டு, ரெண்டு மீட்டர் பைப்பால கானுக்குத் திருப்புங்கோ. கீழ மிஞ்சிற துண்டுக்கு மூடி போட்டு ஒட்டவேணும், திறந்து விட்டால் கரப்பானும் மணமும் மேல வரும். 110 மில்லிமீட்டர்தானோ எண்டு அளந்துபோட்டு வாங்குங்கோ. பழைய பைப் சில நேரம் 90.

5:33, கஜன்: அளந்தன். 110.

5:34, நஸீர் நானா: எல்போ ஒண்ணு, மூடி ஒண்ணு, பசை சின்ன டின் ஒண்ணு. ஈரத்துல பசை பிடிக்காது, இப்பதான் தண்ணி ஊத்தியிருக்கீங்க. நாளைக்குக் காலைல தொடச்சுக் காயவெச்சு ஒட்டுவோம். நான் கடைக்குப் போறன், வாள் யார்ட்ட ஈக்கி?