கலைச்சொல்: படிக்கப் போவதால் வராத கூலி

> 'இழந்த வருவாய்' என்றே வைக்கலாமே. பாடநூலில் 'வாய்ப்புச் செலவு' வேறு இருக்கிறது.

ஐயா, வணக்கம். 'வாய்ப்புச் செலவு' பொதுச் சொல், ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப்போகும் மற்றதன் மதிப்பு. நான் தேடுவது அதற்குள் ஒரு கூறு: பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி. கல்வியை மனித மூலதனமாக, அதாவது ஆளின் திறமையில் போடும் முதலீடாகப் பார்த்த பொருளியலாளர் தியோடர் ஷுல்ட்ஸ், வாத்தியார் சம்பளம், கட்டடத்தோடு இதையும் கல்விச் செலவில் சேர்த்தார். 'இழந்த' என்றால் கையில் இருந்த பணம் தொலைந்த மாதிரி ஆகிவிடும்.

அப்போதைய வட ஆற்காட்டில், குடியாத்தத்தில் வளர்ந்தவன் நான். அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார், அக்கா நூல் கட்டுவாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடத்தில் கட்டணமே கிடையாது. ஆனாலும் ஐந்தாம் வகுப்போடு அக்காவை நிறுத்திவிட்டார்கள். அவள் போனால் ஆயிரம் நிறையாது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1870 கல்விச் சட்டம் ஊர் ஊராகப் பள்ளிக்கு வழி செய்தது. 1880-இல் வருகை கட்டாயம், 1891-இல் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணமும் போனது. லங்காஷயர் பஞ்சாலைப் பிள்ளைகளோ அப்புறமும் பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி என்றே இருந்தார்கள். 1918 சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. 1956-இல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவையும், இந்தக் கூலியில் ஒரு பங்கை அரசு சோறாகத் திருப்பிக் கொடுத்ததாகவே பார்க்கிறேன்.

என் பரிந்துரை 'விடுகூலி'. வினைத்தொகை, விட்ட, விடுகிற, விடும் கூலி மூன்றும் அடங்கும்.

---

> தம்பி, 'விடுகூலி' என்றதும் ஆளை விடுவிக்கக் கொடுக்கும் பணம் என்றுதான் எனக்குப் பட்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பீடிக்கு அனுப்பிய வீடுகள் உங்கள் பக்கம் இருந்தனவே. 'ஈட்டாக் கூலி' சரிவருமா?

நியாயம்தான் ஐயா, இது எனக்குத் தோன்றவில்லை. அந்த வீடுகளில் யாராவது இச்சொல்லைப் படித்தால் நிச்சயம் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 'ஈட்டாக் கூலி' வேண்டாம். வாடகை, வட்டி போல உழைக்காமல் வருவதை 'ஈட்டாத வருமானம்' என்கிறோம், இரண்டும் குழம்பும்.

சரி, வினைத்தொகை ஆசையை விட்டுவிடுகிறேன். 'விட்ட கூலி' என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.